அரபு கலிக்ராஃபி தொடக்கப் பெட்டி: பேனா தேறும், தாள் தேறாது

மூன்று மூங்கில் பேனா, 30 மில்லி கறுப்பு மை, ஒரு சின்ன மைக்கூடு, அதற்குள் கொஞ்சம் நூல், இருபது தாள், ஒரு பயிற்சிப் புத்தகம். ஆன்லைனில் பல பெயர்களில் விற்கும் தொடக்கப் பெட்டிகளில் பெரும்பாலும் இவ்வளவுதான். இந்தப் பெட்டியில் காசுக்குப் பெறுமானமானவை பேனாவும் மைக்கூடும் மட்டுமே.

பேனாக்களின் முனை 2, 3, 5 மில்லிமீட்டர். மூங்கில் கெட்டியானது, சீக்கிரம் மழுங்காது; நாணலின் நெகிழ்வு இல்லை என்றாலும் கற்றுக்கொள்ளப் போதும். வெட்டுதான் தவறு. முனையை நேராக நறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். துலுத், நஸ்க் என்ற அரபு எழுத்து நடைகள் இரண்டுக்கும் சாய்வெட்டு வேண்டும். துலுத்துக்கு 30 முதல் 35 பாகை. நேர்முனையால் எழுதினால் ஒவ்வொரு எழுத்துக்கும் மணிக்கட்டைத் திருக வேண்டிவரும், மெலிய வேண்டிய எழுத்தின் வால் தடித்துப்போகும். கெட்டியான பிளாஸ்டிக் பலகையில் முனையை வைத்து, கூர்மையான கத்தியால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். அறுத்தால் நார் பிய்யும். நடுவில் சுமார் ஒரு சென்டிமீட்டர் பிளவு இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாமல் மை இறங்காது. பிறகு ஒரு புள்ளி வையுங்கள்: கையைத் திருப்பாமலே, மூலையில் நிற்கும் சாய்சதுரமாக விழுந்தால் வெட்டு சரி.

அடுத்து மைக்கூட்டில் உள்ள நூல். இதற்கு லீக்கா என்று பெயர், கச்சாப் பட்டாக இருக்க வேண்டும். பேனா அதில் ஒற்றி அளவாக மை எடுக்கும், முனையும் அடியில் இடிபடாது, கூடு சாய்ந்தாலும் மை கொட்டாது. பெட்டியில் வந்தது பட்டா என்று அறிய, புடவைக்கடைச் சோதனையே போதும்: ஓர் இழையைக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடையோடு பொடிந்தால் பட்டு. உருகி மணியாக உருண்டால் பாலியெஸ்டர், இந்தப் பெட்டியில் வந்தது அதுதான். பஞ்சைத் திணிப்பது அதைவிட மோசம், இழை பிரிந்து முனையில் ஒட்டிக்கொண்டு கோட்டை இழுத்துவிடும். பட்டு நூலை வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, பிசின் போனதும் காயவைத்து, உதிர்த்துப் போடுங்கள். நூல் நனையும் அளவுக்கு மை ஊற்றினால் போதும், மேலே தேங்கக் கூடாது.

மை, காய்ந்தால் கரையாத ரகம். மரபு மை புகைக்கரியும் அரபிப் பிசினும் நீரும் சேர்ந்தது. காய்ந்த பிறகும் ஈர விரலால் துடைத்துத் திருத்தலாம். இந்த மையில் அது நடக்காது. பேனாவைக் கழுவாமல் வைத்தால் பிளவும் அடைத்துக்கொள்ளும்.

தாளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பழைய ஓலை நிறத்தில் சொரசொரப்பாக இருக்கிறது, மை ஊறி விளிம்பு பிசிறடிக்கிறது. பழகுகிறவர்கள் தம் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார்கள். அச்சகங்களில் கிடைக்கும் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரில் அதே பேனாவால் எழுதிப் பாருங்கள், குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். முறையான ஆஹார் தாள் என்றால் கஞ்சி பூசி, படிகாரம் கலந்த முட்டை வெள்ளைக்கரு தடவி, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றி, மாதக்கணக்கில் ஆறவைப்பார்கள். பயிற்சிக்கு அவ்வளவு தேவையில்லை.

பயிற்சிப் புத்தகம் வீண். நஸ்க், துலுத், தீவானி, கூஃபி என்று ஆளுக்கொரு பக்கம்; எழுத்தின் வெளிக்கோட்டைக் கொடுத்து நிரப்பச் சொல்கிறது. 10ஆம் நூற்றாண்டு பக்தாதில் கலிக்ராஃபர் இப்னு முக்லா வகுத்ததாகச் சொல்லப்படும் முறையில் புள்ளிதான் அளவுகோல்: துலுத்தில் முதல் எழுத்தான அலிஃபுக்கு வழக்கமாக 7 புள்ளி உயரம். 5 மில்லிமீட்டர் பேனாவால் புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கத்தில் அலிஃபை இறக்கினால் நீளம் சரியா என்று உடனே தெரியும். இந்த அளவு புத்தகத்தில் ஓரிடத்திலும் இல்லை.

வெட்டுக்கத்தியும் பெட்டியில் கிடையாது. பேனாவும் மைக்கூடும் தனியாகக் கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் பெட்டியை வாங்க வேண்டாம்; மிச்சக் காசில் பட்டு நூலும் ஐம்பது ஆர்ட் பேப்பரும் வாங்கலாம்.