பிபெல், பிபிஎம்என், டெம்போரல்: இரண்டு மாதம் ஓடும் நிரலை எந்த மொழியில் எழுதுவது?

வீட்டுக் கடன் விண்ணப்பம் ஒன்று முடிய இரண்டு மாதம் ஆகலாம். அதற்குள் சர்வர் பல முறை ரீஸ்டார்ட் ஆகும். வங்கியின் விதியே மாறிவிடவும் கூடும். பணிப்போக்கு மொழியை, அதாவது பல கட்ட வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று சொல்லும் மொழியை, வடிவமைப்பவரின் தலைவலி இதுதான். ஒரே வேலையை மூன்று வழிகளில் வைத்துப் பார்ப்போம்: கடன் மதிப்பெண் சரிபார்ப்பும் பத்திரச் சரிபார்ப்பும் இணையாக நடக்கும், இரண்டும் முடிந்தால் ஒப்புதல், பிறகு வாடிக்கையாளரின் கையெழுத்துக்கு 30 நாள் காத்திருப்பு.

எக்ஸ்எம்எல்லில் எழுதும் பிபெல் 2002-இல் வந்தது. அதற்கு இரண்டு மூல மொழிகள். ஐபிஎம்மின் டபிள்யூஎஸ்எஃப்எல் அம்புக்குறி வரைபட வழி. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்லாங் அடைப்புக்குள் அடைப்பு வழி. இரண்டையும் ஒரே பானையில் போட்டதால் ஒரே கிளைப்பிரிவை இரண்டு விதமாக எழுதலாம். படிப்பவர் இரண்டையும் கற்க வேண்டும். ஒரு செயலுக்கு வரும் எல்லா இணைப்புகளின் (அம்புகளின்) நிபந்தனையும் 'பொய்' என்று முடிந்தால், அந்தச் செயலைத் தாண்டிப்போகும் வசதி உண்டு. ஆனால் அதற்கான 'சப்ரெஸ்ஜாயின்ஃபெயிலியர்' என்ற அமைப்பு இயல்பில் 'நோ'. மாற்ற மறந்தால் தாண்டாது, பிழை எறியும். 2007-இன் 2.0 தரத்திலும் மனிதர் செய்யும் வேலைக்கு இடமில்லை. அது தனி நீட்டிப்பு. கடன் அதிகாரி இல்லாத கடன் செயல்முறை! ஒன்றில் மட்டும் பிபெல் கெட்டி: ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் (சேர்த்துக் கட்டிய செயல்களின் தொகுதிக்கும்) 'செய்ததைத் திருப்பும்' பகுதியை அங்கேயே எழுதலாம்.

பிபிஎம்என் 2.0 (2011, ஐஎஸ்ஓ தரமானது 2013) கட்டங்களும் அம்புகளும் கொண்ட படம். அதை எஞ்சின் என்ற மென்பொருள் படமாகவே ஓட்டும். அம்பை எங்கிருந்து எங்கும் இழுக்கலாம், அதனால் தப்புக்கும் தாராளமாக இடம். 'ஏதாவது ஒன்று' என்று பிரித்துவிட்டு 'இரண்டும்' என்று சேர்த்தால், ஒரே டோக்கன் (வேலை இப்போது எங்கே நிற்கிறது என்று காட்டும் குறி) வந்து, வராத மற்றதற்காகக் காலமெல்லாம் நிற்கும். மாறாக, 'இரண்டும்' என்று பிரித்து 'ஏதாவது ஒன்று' என்று சேர்த்தால் ஒப்புதல் இரண்டு முறை ஓடி, வாடிக்கையாளருக்கு இரண்டு கடிதம் போகும். இரண்டு படங்களும் எஞ்சினில் சத்தமில்லாமல் ஏறிவிடும். 'ஆர்' சேர்ப்பு (ஒன்றோ பலவோ கிளைகள் வரலாம் என்பது) இன்னும் மோசம்: மேலே எங்காவது டோக்கன் மிச்சம் இருக்கிறதா என்று முழுப் படத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். சுழற்சிக்குள் அதை வைக்காதீர்கள்.

காத்திருப்பில் பிபிஎம்என் அழகு. கையெழுத்து வேலையின் விளிம்பில் இரண்டு டைமர்: 7-ஆம் நாள் நினைவூட்ட, வேலையை நிறுத்தாத ஒன்று, 30-ஆம் நாள் வேலையையே ரத்து செய்யும் மற்றொன்று. படம் கடன் பிரிவு மேலாளருக்கும் புரியும். ஆனால் நிபந்தனைகளை எந்த மொழியில் எழுதுவது என்பதை எஞ்சினிடமே விட்டுவிட்டார்கள். கமுண்டா என்ற எஞ்சினின் 7-ஆம் பதிப்பில் ஜேயுஇஎல் மொழி, 8-இல் ஃபீல் மொழி. படக் கோப்பை வேறு எஞ்சினுக்குக் கொண்டுபோகலாம், நிபந்தனையைக் கொண்டுபோக முடியாது.

டெம்போரல் என்ற பணிப்போக்குத் தளம் 2019-இல் ஊபரின் கேடன்ஸ் தளத்திலிருந்து பிரிந்தது. புது மொழி கிடையாது. கோ, ஜாவா போன்றவற்றிலேயே எழுதலாம். 30 நாள் காத்திருப்பு ஒரே வரி. நடந்ததெல்லாம் வரலாற்றில் பதிவாகும். வொர்க்கர் (நிரலை ஓட்டும் புரோகிராம்) செத்தால், அடுத்த வொர்க்கர் பணிப்போக்கு ஃபங்ஷனை முதலிலிருந்து ஓட்டி, பதிவான விடைகளை ஊட்டும். ஆகவே அதற்குள் கடிகாரம் பார்ப்பது, ரேண்டம் எண், நேரடி ஏபிஐ அழைப்பு எதுவும் கூடாது. ஏபிஐ அழைப்பெல்லாம் 'ஆக்டிவிட்டி' என்ற தனி ஃபங்ஷனுக்குள் போக வேண்டும். ஓர் ஓட்டத்துக்கு 51,200 நிகழ்வு உச்சம். நெருங்குமுன் 'கன்டின்யூ ஆஸ் நியூ' போட்டுப் புது வரலாறு தொடங்க வேண்டும்.

உண்மையான வேறுபாடு விதி மாறும் நாளில் தெரியும். ஒப்புதலுக்கு முன் ஒரு சரிபார்ப்பைச் செருகினால், டெம்போரலில் அந்த இடத்தைத் தாண்டிய ஓட்டங்கள் மறு ஓட்டத்தில் வரலாற்றோடு பொருந்தாமல் சிக்கிக்கொள்ளும். நிரலில் மாறிய இடத்தில் பேட்ச் குறியிட்டு (பழைய ஓட்டத்துக்குப் பழைய கிளை, புதியதற்குப் புதுக் கிளை), கடைசிப் பழைய ஓட்டம் முடியும்வரை பழைய கிளையையும் வைத்திருக்க வேண்டும். கமுண்டாவில் பழையவை பழைய பதிப்பிலேயே ஓடும். அவற்றைப் புதுப் பதிப்புக்கு மாற்ற வேண்டுமென்றால் எந்தக் கட்டம் எதற்கு நிகர் என்று நீங்களே சொல்ல வேண்டும். நீக்கப்பட்ட கட்டத்தில் நிற்கும் டோக்கனுக்குப் போக இடம் காட்டாவிட்டால் அந்த இடமாற்றம் நடக்காது.