துனிஸ் மெதினாவில் "உங்கள் ஹோட்டலில்தான் வேலை செய்கிறேன்" என்று யாராவது வந்தால்

துனிசியாவின் தலைநகர் துனிஸ் போகிறவர்கள் மெதினாவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பழைய நகரம், சந்துக்குச் சந்து கடைகள். தாராளமாகப் போங்கள். ஆனால் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பாப் எல் பஹர் வாசலைத் தாண்டி ஸைத்தூனா மசூதிக்குப் போகும் சந்தில் நுழைந்ததுமே ஒருவர் எங்களோடு சேர்ந்து நடந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல சிரிப்பு. "என்னைத் தெரியவில்லையா? உங்கள் ஹோட்டலில்தான் வேலை செய்கிறேன். காலையில் பார்த்தோமே!" காலையில் காபி ஊற்றியவரின் முகம் யாருக்கு நினைவிருக்கும்? இந்தியா என்றதும் அமிதாப், ஷாருக் என்று பாசம் பொங்கியது. அப்புறம்தான் விஷயம் வந்தது: வட ஆப்பிரிக்கப் பூர்வகுடிகளான பெர்பர் மக்களின் கம்பளச் சந்தை நடக்கிறதாம், இன்றுதான் கடைசி நாளாம், மதியத்தோடு மூடிவிடுவார்களாம்.

அப்படி ஒரு சந்தையே இல்லை. கூட்டிப்போனது ஒரு கம்பளக் கடைக்கு. மொட்டை மாடி என்னவோ அழகுதான். வண்ண ஓடு பதித்த சுவர்களுக்கு மேலே ஸைத்தூனாவின் மினார் தெரிந்தது. புதினா டீ வந்தது. கூடவே கம்பளங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்தன. வேண்டாம் என்று எழுந்ததும் கடைக்காரரின் முகம் மாறிவிட்டது.

அங்கே தப்பினோம், வாசனைக் கடையில் மாட்டினோம். அத்தர் கடைகளுக்கென்றே 13ஆம் நூற்றாண்டில் கட்டிய 'சூக் எல் அத்தாரின்' என்ற கடைத்தெரு ஸைத்தூனா மசூதியை ஒட்டியே இருக்கிறது. அதை விட்டுவிட்டு அந்த 'ஹோட்டல்காரர்' வேறொரு சந்துக்குள் இழுத்துப்போனார். மல்லிகைத் தைலத்தை மணிக்கட்டில் தடவி, "8 தினார்" என்றார் கடைக்காரர். சரி என்றதும் சீசாவில் ஊற்றி, மூடி, தாளில் சுற்றியாகிவிட்டது. பில் 240 தினார்! 8 என்றது கிராமுக்காம், சீசா 30 கிராமாம். இனி திருப்பி ஊற்ற முடியாதாம். "தினாரை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, வைத்திருந்து என்ன செய்வீர்கள்?" என்று உபதேசம் வேறு. அந்தச் சட்டம் நிஜம்தான். ஆனால் பணம் மாற்றிய ரசீது இருந்தால் மிச்சத்தை விமான நிலையத்தில் திரும்ப மாற்றிக்கொள்ளலாம், அதை மட்டும் சொல்ல மாட்டார்கள். கத்திப் பேசி 90 தினாருக்கு வெளியே வந்தோம். சாயங்காலமே மல்லிகை போய் வெறும் எண்ணெய் பிசுக்குதான் மிச்சம். வாசலில் காத்திருந்த 'ஹோட்டல்காரர்' வழிகாட்டியதற்கு 20 தினார் கேட்டார், அது தனிக்கதை.

யாராவது இப்படி வந்தால், "எந்த ஹோட்டல்?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். எங்கள் ஆள் கடைசிவரை பெயரைச் சொல்லவே இல்லை. விலையைக் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள், கிராமுக்கா சீசாவுக்கா என்பதோடு சேர்த்து. ஒரு தினார் 1000 மில்லீம் என்பதால் வாய்க்கணக்கு எளிதில் குழம்பும். கம்பளம் வாங்கியே தீருவேன் என்பவர்கள் பின்பக்கம் அரசுக் கைவினை அலுவலகத்தின் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

சிவப்புக் கம்பளித் தொப்பி செய்யும் ஷெஷியா கடைத்தெருவில் எங்களை யாரும் தொந்தரவு செய்யவில்லை. வேலையை நின்று பார்க்கவும் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், ஆளில்லாத சந்தில் "திறந்திருக்கிற ஒரே கடைக்குக் கூட்டிப்போகிறேன்" என்று வருபவரிடம் மாட்டிக்கொள்வீர்கள்.