எனியாக்கா இசட் 3-ஆ? ரிச்சி ஸ்ட்ரீட் டீக்கடை பஞ்சாயத்து

நேத்து ரிச்சி ஸ்ட்ரீட்ல டீ குடிச்சிட்டிருக்கும்போது ஃப்ரெண்டு ஒருத்தன் "மச்சான், கம்ப்யூட்டர்னாலே ஆரம்பத்துலேந்தே 0, 1 தானே"ன்னான். இல்லடா, எனியாக்னு அந்தக் கால அமெரிக்க கம்ப்யூட்டர் நம்மள மாதிரி 0லேந்து 9 வரைக்கும் பத்து இலக்கம் வெச்சு தான் எண்ணுச்சுன்னேன், நம்பவே மாட்டேங்குறான்.

எனியாக் பென்சில்வேனியா யுனிவர்சிட்டில கட்டினது, 1946 பிப்ரவரில ஊருக்கே காட்டினாங்க. கிட்டத்தட்ட 18,000 வால்வு (பழைய ரேடியோல இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்), 30 டன் எடை, கரண்ட் மட்டும் 150 கிலோவாட் (நம்ம ஈபி பில்லுல நினைச்சுப் பாருங்க). ஒவ்வொரு இலக்கத்துக்கும் 0லேந்து 9 வரைக்கும் 10 ஃப்ளிப்-ஃப்ளாப் (ஆன் இல்ல ஆஃப்னு நிக்கிற சர்க்யூட்) வரிசையா நிக்கும், 7னா 7க்கான ஒண்ணு மட்டும் ஆன், மத்த 9ம் சும்மா. அப்போ 10 இலக்க நம்பருக்கு 100 வேணும், அதையே பைனரில, அதாவது வெறும் 0, 1ல, வெச்சா 34 போதும். எவ்ளோ வேஸ்ட் பாருங்க!

இசட் 3ங்கிற கம்ப்யூட்டர் அதுக்கு முன்னாடியே, 1941ல, பெர்லின்ல கொன்ராட் சூஸங்கிற ஜெர்மன் இன்ஜினியர் பண்ணது. இதுல வால்வுக்கு பதிலா ரிலே, அதாவது கரண்ட்ல இயங்குற சுவிட்ச்; அது ஒண்ணு ஒட்டும் இல்ல விடும், ஃபேன் சுவிட்ச் மாதிரி, அதனால பைனரி அதுக்கு அப்படியே செட் ஆச்சு, 22 பிட்ல (ஒரு பிட்னா ஒரு 0 இல்ல 1) புள்ளி வெச்ச நம்பரெல்லாம் போட்டுச்சு, புரோகிராமை பழைய சினிமா ஃபிலிம்ல ஓட்டை போட்டு ஏத்தினாராம், கோடம்பாக்கத்துக்காரங்களுக்கு இது பிடிக்கும்.

ஆனா ஸ்பீடுனு வந்தா எனியாக் தான், செகண்டுக்கு 5,000 கூட்டல், இசட் 3 ஒரு பெருக்கலுக்கே சுமார் 3 செகண்ட். டிசைன்ல என் ஓட்டு சூஸவுக்கு தான். பாவம், ஒரிஜினல் மெஷின் 1943 குண்டுவீச்சுல போயிடுச்சு.