பழைய கொரோலாவுக்கு சிந்தெடிக் ஒயில்: தலவாக்கலையில் நாலு வருட அனுபவம்

எங்கள் வீட்டில் ஓடுவது 1997 கொரோலா 110, பெட்ரோல். வாரத்தில் மூன்று நாள் தலவாக்கலையிலிருந்து நுவரெலியா, இடைக்கிடை அப்படியே இறம்பொடைப் பக்கமாகக் கண்டி. நாலு வருடத்தில் மூன்று வகை ஒயில் போட்டாயிற்று.

முதலில் எல்லாரையும் போல 20டபிள்யூ-50 மினரல், அதாவது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கிற சாதாரண ஒயில். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் உள்ள தடிப்பு, பின்னால் உள்ளது சூட்டில் உள்ள தடிப்பு; எண் கூடினால் ஒயில் தடிப்பு. பகலில் ஒரு குறையும் இல்லை. தை மாதம் விடியக்காலையில், குளிரில் விறைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணினால்தான் என்ஜின் மேலே வால்வைத் தள்ளித் திறக்கிற டெப்பட் பக்கம் டக்டக்கென்று தட்டும், தடித்த ஒயில் மேலே ஏறி அது அடங்க ஐந்தாறு விநாடி ஆகும். கேட்கிற எனக்கு வயிற்றைப் பிசையும்.

சரி என்று 5டபிள்யூ-30 முழு சிந்தெடிக், அதாவது செயற்கையாகத் தயாரித்த ஒயில் போட்டேன். சத்தம் அன்றைக்கே நின்றது. ஆனால் 1500 கிலோமீற்றரிலேயே டிப்ஸ்டிக் துடைத்த துணி மை தொட்ட மாதிரிக் கறுத்தது, பழைய கசடையெல்லாம் கழுவிக்கொண்டு வருகிறது. அப்புறம் டெப்பட் கவர் ஓரமாகக் கசிவு. சிந்தெடிக் சீலைத் தின்றுவிடும் என்று நம் பக்கம் சொல்வார்கள், நானும் நம்பினேன். கராஜ் பாஸ் கவரைக் கழற்றி கேஸ்கட்டை என் கையில் தந்தார், வளைத்தால் பிஸ்கட் மாதிரி ஒடிகிறது. ரப்பர் எப்போதோ செத்துவிட்டது, அந்த இடுக்கை இத்தனை நாளும் அடைத்து வைத்திருந்தது கசடுதான்.

மலைநாட்டில் ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். இறம்பொடை வளைவுகளில் இரண்டாம் கியரில் கால் வைக்காமல் நெடுக இறங்கிவிட்டு, கீழே வந்து அக்ஸலரேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை குபுக்கென்று வந்தால் அநேகமாக வால்வ் சீல், அதாவது வால்வ் தண்டு வழியே ஒயில் இறங்காமல் தடுக்கிற ரப்பர் வளையம், போய்விட்டது. த்ரொட்டில் (காற்று உள்ளே போகிற வழியின் மூடி) மூடியபடி என்ஜின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே உறிஞ்சல் கூடி, வால்வ் தண்டு வழியே ஒயிலை இழுத்துக்கொள்ளும். எனக்கு 1000 கிலோமீற்றருக்கு அரை லீற்றர் குறைந்தது, அந்த மெல்லிய ஒயிலில் இன்னும் வேகமாக.

வால்வ் சீல், கேஸ்கட் எல்லாம் மாற்றிவிட்டு 10டபிள்யூ-40 முழு சிந்தெடிக் போட்டேன். மூன்று வருடமாக அதேதான். குளிரில் பழைய 20டபிள்யூவை விடச் சீக்கிரம் ஏறுகிறது, சூடானால் 30ஐ விடத் தடிப்பாக நிற்கிறது. கேனில் 10,000 என்று போட்டிருந்தாலும் நான் 5000க்கே மாற்றுகிறேன், முதலாம் இரண்டாம் கியரிலேயே உறுமிக்கொண்டு ஏறுகிற ரோட்டில் அதற்கு மேல் விட மனம் வரவில்லை. இடையில் கால் லீற்றருக்கு மேல் ஊற்றியதும் இல்லை.

த்ரீவீல் வைத்திருப்பவர்கள் கார் ஒயிலை ஊற்றிவிடாதீர்கள். போர்ஸ்ட்ரோக்கில் கிளட்ச் அதே ஒயிலுக்குள்தான் கிடக்கிறது, வழுக்கத் தொடங்கினால் ஏற்றத்தில் இழுக்காது. ஒயிலுக்குள் கிடக்கிற கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜப்பான் தரக் குறி, ஜாசோ எம்ஏ, போட்டதை வாங்குங்கள்.

காரில் மினரலிலிருந்து சிந்தெடிக்குக்கு மாற்ற நினைத்தால் முதலில் ஒயில் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். தார் மாதிரி அப்பியிருந்தால் அவசரப்படாதீர்கள், ஒரேயடியாகக் கழன்று வருகிற கசடு அடியில் ஒயிலை உறிஞ்சுகிற இடத்திலுள்ள வலையை அடைத்தால் என்ஜினே போய்விடும். மினரலையே ஃபில்டரோடு 2000 கிலோமீற்றருக்கு ஒருதரம் இரண்டு முறை மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு சிந்தெடிக் போடுங்கள்.