மலைக்கா, கழிமுகத்துக்கா? கோலாலம்பூரில் வேலை முடிந்தபின் ஒரு ராத்திரி

கோலாலம்பூருக்கு வேலையாக வரும் உறவுக்காரர்கள் கடைசி நாளில்தான் போன் போடுவார்கள். கோயம்புத்தூரிலிருந்து பம்பு உதிரிபாகம் விற்க வருகிறவரானாலும், சிங்கப்பூர் கம்பெனிக்காக ஆடிட்டுக்கு வரும் அக்கா மகனானாலும் பேச்சு ஒன்றுதான். “மாமா, மீட்டிங் முடிஞ்சிருச்சு. நாளன்னைக்குத்தான் பிளைட். ஏசி ரூம்ல உக்காந்து உக்காந்து தலை வலிக்குது. கேமரன் மலைக்குப் போயிட்டு வந்துரலாமா?”

வேண்டாம்ப்பா என்பேன். காரணத்துக்கு அப்புறம் வருகிறேன்.

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். தோட்டத்தில் பிறந்தவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். சுற்றிலும் பாமாயில் தரும் செம்பனை. மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது இங்கே தென்னமாரம் தோட்டத்தில், 1917இல். வெளியூர்க்காரர்கள் காரிலிருந்து இறங்கி “என்ன காடு!” என்று படம் எடுப்பதும் இந்தச் செம்பனையைத்தான். ஊரை ஒட்டி சிலாங்கூர் ஆறு ஓடுகிறது. பிரேசர் மலைப் பக்கத்துக் காடுகளிலிருந்து வரும் தண்ணீர் கோல குபு பாரு வழியாக இறங்கி, எங்களைத் தாண்டி, கோல சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. ஒன்றரை நாள் கையில் இருப்பவருக்கு நான் சொல்லும் இரண்டு இடங்களும் இந்த ஆற்றின் இரண்டு முனைகள்.

எந்த முனை என்று முடிவு செய்யுமுன் நான் திருப்பிக் கேட்பது இரண்டே விஷயம். கூட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது? விமானம் எத்தனை மணிக்கு? கோல சிலாங்கூர் பொழுது சாய்ந்தபின் பார்க்க வேண்டிய ஊர். பிரேசர் மலை விடியலில் பார்க்க வேண்டியது. இதைக் கவனிக்காமல் மத்தியானம் மலையில் ஏறி, பனிமூட்டத்தில் மணிக்கூண்டு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து “அங்க ஒண்ணுமே இல்லையே மாமா” என்று சொன்னவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள்.

முதலில் கழிமுகம். மத்தியானம் வேலை முடிந்தால், மூன்று மணிக்கு லாத்தார் விரைவுச்சாலையில் ஏறினாலும் போதும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் புறப்படுகிறவருக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. ஊருக்குள் நுழைந்ததும் புக்கிட் மெலாவாத்திக்கு ஏறிவிடுங்கள். 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை இருந்த குன்று; பீரங்கிகளும் கலங்கரை விளக்கமும் அங்கேதான். ஆனால் எங்கள் பிள்ளைகள் அங்கே போவது லோத்தோங் குரங்குக்காக. சாம்பல் நிறம், சாதுவான முகம், கையில் கொடுத்தால் விரல் நோகாமல் வாங்கிக்கொள்ளும். குட்டி மட்டும் பிறக்கும்போது பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். தாய் மடியில் அதைப் பார்க்கிறவர்கள் வேறு எங்கிருந்தோ தூக்கி வந்த குட்டி என்றே நினைப்பார்கள். அதே குன்றில் நீளவால் குரங்கும் உண்டு. அது சாது இல்லை, பையைப் பறிக்கும். லேப்டாப் பையை காரிலேயே பூட்டிவிடுங்கள்.

குன்றின் அடிவாரத்தில் சதுப்புநிலக் காட்டுக்குள் நடக்கும் இயற்கைப் பூங்கா இருக்கிறது. நேரம் இருந்தால் போகலாம், கொசுவுக்கு மருந்து பூசிக்கொண்டு. எனக்கு அதைவிட ஆற்றின் அக்கரையில் பாசிர் பெனாம்பாங்கில் உட்கார்ந்து மீனும் நண்டும் சாப்பிடுவது பிடிக்கும்.

அப்புறம்தான் வந்த காரியம். இங்கே சூரியன் மறைய ஏழு மணிக்கு மேலாகும். நன்றாக இருட்டாமல் படகில் ஏறிப் பிரயோஜனம் இல்லை, எட்டு மணியாகட்டும். கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகு, புக்கிட் பெலிம்பிங் பக்கம் மின்மோட்டார் படகு. என் ஓட்டு துடுப்புக்கு. நாலு பேர் உட்காரும் சம்பான், பின்னால் நின்று தள்ளும் உள்ளூர்க் கிராமத்து ஆள், தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது. கரையோரம் பெரெம்பாங் மரங்கள். அவற்றில் ஆயிரக்கணக்கில் மின்மினிகள். இந்த வகையில் ஆண் பூச்சிகள் ஒன்றுக்கொன்று தாளம் பார்த்து ஒரே நேரத்தில் மின்னும். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். கண் இருட்டுக்குப் பழகியபின்தான் மரம் முழுக்க ஒன்றாக விட்டு விட்டு எரிவது புரியும். கண் பழகுவதற்குள் யாராவது ஒருவர் வாட்ஸப் பார்க்கப் போனைத் திறப்பார். வேலையாக வந்தவர்களிடம் இந்தப் பழக்கம் அதிகம். படகோட்டி மரியாதையாக ஒருமுறை சொல்வார், அவ்வளவுதான். போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். அதன் ஒளியில் பூச்சியும் மிரளும், உங்கள் கண்ணும் கெடும். படமும் விழாது.

நிலா இல்லாத ராத்திரி நல்லது. பௌர்ணமிக்கு முன்பின் நாட்களில் பாதி அழகு போய்விடும். மழை பெய்தால் முழுசும் போய்விடும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மேற்குக் கரையில் சாயங்கால இடிமழை வழக்கம். அந்த மாதங்களில் வருகிறவர்களை நான் கழிமுகத்துக்கு அனுப்பத் தயங்குவேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பூச்சியின் புழு வளர்வது மரத்தில் இல்லை, கரைக்குப் பின்னால் உள்ள ஈரமண்ணில், நத்தையைத் தின்று. ஆற்றோரத்தை வெட்டிச் செம்பனை வைத்தால் மரம் நின்றாலும் மின்மினி நிற்காது. செம்பனையில் சாப்பிட்டு வளர்ந்த ஊர்க்காரன் நான், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

குறை என்றால் வெக்கை. குளிர் தேடி வருகிறவருக்கு இது இடமில்லை. படகுச் சவாரியும் சீக்கிரம் முடிந்துவிடும். ஒன்பது மணிக்குக் கை கழுவியதுபோல் ஆகிவிடும். அதனால்தான் மறுநாள் காலை விமானம் உள்ளவருக்கு இது தோது. அன்றிரவே பட்டணம் திரும்பிவிடலாம்.

இனி மலை. வேலை மத்தியானத்தோடு முடிந்து, மறுநாள் சாயங்காலமோ ராத்திரியோ விமானம் என்றால் நான் யோசிக்காமல் பிரேசர் மலை என்பேன். தூரம் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் கோல குபு பாருவுக்கு அப்பால் கிலோமீட்டரை வைத்து நேரம் கணக்குப் போடாதீர்கள். அணைக்கட்டு ஏரியைத் தாண்டியதும் வளைவு மேல் வளைவு. பின்சீட்டில் லேப்டாப் திறந்து “ஒரே ஒரு மெயில்” என்று உட்காருகிறவர் கடைசி ஏற்றம் தொடங்கும் ‘கேப்’ என்ற கணவாய் போய்ச் சேருமுன் காரை நிறுத்தச் சொல்வார். மலைமேல் பெட்ரோல் நிலையம் கிடையாது. கோல குபு பாருவில் எண்ணெய் நிரப்பி, கையில் கொஞ்சம் ரிங்கிட் நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கேப்பிலிருந்து உச்சிவரை சாலை ஒடுக்கம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நேரம் பிரித்து விடுவது அங்கே நெடுங்காலப் பழக்கம். புறப்படுமுன் தங்குமிடத்துக்குப் போன் செய்து அன்றைய நிலவரத்தைக் கேட்பது நல்லது, மண்சரிவுக் காலத்தில் கட்டாயம். பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னியை 1951 அக்டோபர் 6ஆம் தேதி கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து சுட்டுக் கொன்றது கோல குபு பாருவிலிருந்து கேப்புக்கு ஏறும் சாலையில்தான். வளைவுகளைப் பார்த்தால் ஏன் இங்கே என்று கேட்கத் தோன்றாது.

சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் பெரிதாக எதுவும் இருக்காது. மணிக்கூண்டு, பழைய கல்வீடுகள், குளிர், பனி. சாப்பாட்டுக் கடைகளும் சீக்கிரம் மூடிவிடும். ஆறரை மணிக்கே சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள். வேலைப் பயணத்தில் தூக்கம் கெட்டவருக்கு இதுவே பாதி மருந்து.

மீதி காலையில். ராத்திரி முழுக்க விளக்கடியில் விட்டில்கள் வந்து சுவரில் ஒட்டியிருக்கும். விடிந்ததும் அவற்றைத் தின்னப் பறவைகள் இறங்கும், ஆளைக் கண்டு ஓடாமல். கறுப்புத் தலை, வெள்ளிக் கன்னம், மஞ்சள் மார்பு என்று ஒரு சிறு பறவை கூட்டமாக வரும். தங்குமிட வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்றாலே அதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம், பைனாகுலர் இல்லாமல். எதிர் மலையிலிருந்து சியாமாங் குரங்குகள் குரல் கொடுக்கும். முதல் முறை கேட்பவர் யாரோ சைரன் போடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். அப்புறம் ஒரு காட்டுப் பாதை. ஹெமண்ட் பாதை சின்னது, மேடு பள்ளம் அதிகமில்லை, ஆபீஸ் ஷூ தவிர எதைப் போட்டாலும் நடக்கலாம். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். காலுறைக்குள் பேண்டைச் செருகிக்கொண்டால் சரி. பத்து மணிக்கு இறங்கினால் சாயங்கால விமானத்துக்கு நேரம் இருக்கும். மத்தியான விமானம் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

சனி ஞாயிறும் பள்ளி விடுமுறையும் இரண்டு இடத்துக்கும் ஆகாது, மலைக்கு அதிகமாக ஆகாது. வார நாளில் ஓய்வு கிடைப்பது வேலையாக வருகிறவருக்கு இருக்கிற ஒரே வசதி. அதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது கேமரன் மலை. எனக்குப் பிடிக்காமலா? 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும், அங்கே தலைமுறையாக உழைத்த நம் சனமும், பிரிஞ்சாங் மலையுச்சியில் பாசி மூடிய காடும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் கோலாலம்பூரிலிருந்து 200 கிலோமீட்டர். தாப்பாவில் திரும்பி மேலேறி தானா ராத்தா சேர நாலு மணி நேரம், வார இறுதியில் ரிங்லெட் தொடங்கி ஊர்ந்தே போக வேண்டும். ஒன்றரை நாளில் எட்டு மணி நேரத்தைக் காருக்கே கொடுத்துவிட்டு ஓய்வு எடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு ராத்திரி இருந்தால் போங்கள், நானே வழி சொல்கிறேன். தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கு அதுவும் பத்தாது.

அரை நாள்தான் இருக்கிறதா? அப்படியானால் எங்கள் பக்கமே வர வேண்டாம். கெப்போங்கில் வன ஆராய்ச்சிக் கழகக் காடு இருக்கிறது. ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் மனிதர்கள் நட்டு வளர்த்தது, 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே கப்பூர் மரங்களுக்கடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் தலை அடுத்த மரத்தைத் தொடாமல், நடுவில் வானம் வாய்க்கால் போல ஓடும்.

கார் இல்லாதவருக்குக் கணக்கு தலைகீழ். கேமரனுக்கு கோலாலம்பூரின் டிபிஎஸ் பஸ் நிலையத்திலிருந்து நேரடி பஸ் உண்டு. கோல குபு பாருவரை கொமுட்டர் ரயில் வரும், அங்கிருந்து மலைக்கு டாக்சி பேச வேண்டும். மின்மினிப் படகுத்துறையில் ராத்திரி ஒன்பது மணிக்கு கிராப் வாடகைக் கார் கிடைக்கும் என்று நம்பி நிற்காதீர்கள். கொண்டுவந்து விட்டவரையே காத்திருக்கச் சொல்லிக் கூலி பேசிவிடுவது மேல்.

கூட்டம் ஐந்து மணிவரை இழுத்துவிட்டது, ஆனாலும் மலைதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்களும் உண்டு. இருட்டியபின் கேப் சாலையில் ஏறாதீர்கள், விளக்கும் கிடையாது, போன் சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும். அன்றிரவு கோல குபு பாருவிலேயே ரூம் எடுத்துக்கொண்டு, விடியுமுன் எழுந்து, முதல் வெளிச்சத்தில் ஏறுங்கள். எட்டு மணிக்கெல்லாம் பறவைகள் ஓரளவு கலைந்திருக்கும், சியாமாங் சத்தம் கிடைக்கும்.