ஏற்காட்டு ஏரிக்கரை விடுதியில் அம்மாவோடு

ஏற்காட்டில் ரூம் தேடினால் முதலில் கண்ணில் படுவது 'லேக் வியூ'தான். ஏரியை ஒட்டி இருக்கும் விடுதிகள் எல்லாம் ஒரே மாதிரி படத்தைத்தான் முன்னால் போடுகின்றன: ஒரு பால்கனி, இரண்டு நாற்காலி, கீழே பச்சைத் தண்ணீர். அந்த பால்கனிக்குப் போக எத்தனை படி ஏற வேண்டும், படிக்குக் கைப்பிடி உண்டா, பாத்ரூம் தரை வழுக்குமா, விடிகாலையில் வெந்நீர் வருமா என்பதெல்லாம் படத்தில் தெரியாது. வயதான அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு வேண்டிய தகவல் அதுதான். அதனால் அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சேலம் அம்மாபேட்டை. குடும்பத்தோடு மெல்பர்னில் இருக்கிறேன். அங்கே பள்ளிக்கூடம் நீண்ட விடுமுறை விடுவது டிசம்பரில்தான் என்பதால் ஊருக்கு வருவதும் பெரும்பாலும் மார்கழியில்தான். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடந்துவிடுவார். படி என்றால்தான் சிரமம், அதிலும் ஏறுவதைவிட இறங்குவது.

சேலத்துக்காரர்கள் ஏற்காட்டில் தங்குவது அபூர்வம். முப்பது கிலோமீட்டர்தானே என்று காலையில் கிளம்பிப் போய், லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் பார்த்து, படகில் ஒரு சுற்று சுற்றி, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, இருட்டுவதற்குள் அடிவாரம் வந்து சேர்ந்துவிடுவோம். அப்பா இருந்த காலத்திலும் அப்படித்தான். "ஏற்காட்டுல ஒரு ராத்திரியாவது தங்கணும்னு எத்தனையோ வருசமா நெனச்சிருக்கேன்" என்று அம்மா சொன்ன பிறகு, ஏரி தெரியும் ரூமாகவே போட்டோம். விடுதியின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அந்த ஒரு கட்டடத்தோடு நிற்பவை அல்ல. விசாரித்துப் பார்த்ததில் பக்கத்து விடுதிகளிலும் கதை ஏறக்குறைய இதுதான்.

மலைப்பாதை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. வயிற்றைப் புரட்டும் ஆட்கள் முன்சீட்டில் உட்கார்ந்துகொள்வது நல்லது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரியிலிருந்தே தடை இருக்கிறது. கேரி பேக், பிளாஸ்டிக் டம்ளர் எதையும் எடுத்துப் போகாதீர்கள். வெந்நீரை ஃபிளாஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள், பெரியவர்களுக்கு வழியில் தேவைப்படும்.

ஏரிக்கரை என்றதும் ஊருக்கு வெளியே அமைதியான இடம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஏற்காட்டில் ஏரி இருப்பதே ஊருக்கு நடுவில். படகுத்துறை, பூங்கா, கடைகள், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் அதைச் சுற்றித்தான். எங்கள் விடுதிக்கும் ஏரிக்கும் நடுவில் சாலை ஒன்று ஓடியது. காலை எட்டு மணி வரை அந்த இடம் உண்மையிலேயே அழகு. பனி தண்ணீர்மேல் படுத்திருக்கும், எதிர்க்கரை தெரியாது, பறவைச் சத்தம் மட்டும் கேட்கும். பத்து மணிக்கு மேல் வேன்கள் வரத் தொடங்கினால் ஹாரன் சத்தம் கடைகள் சாத்தும் வரை ஓயாது. நாங்கள் போனது வார நாட்களில். சனி ஞாயிறு எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது படிக்கட்டுக்கு வருகிறேன். கார் நின்ற இடத்திலிருந்து ரிசப்ஷனுக்கு ஏழெட்டுப் படி. அங்கிருந்து எங்கள் ரூமுக்கு வெளிப்புறமாகவே இன்னும் இரண்டு அடுக்குப் படி. கருங்கல் படிகள், ஒவ்வொன்றும் ஒரு உயரம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பூந்தொட்டிகள். கைப்பிடி எந்தப் பக்கமும் இல்லை. பனியில் கல் நனைந்து, ஓரங்களில் பாசி வேறு. ரூம் பையன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, "பாட்டிம்மா, அவசரமே இல்லீங்க, நின்னு நின்னு வாங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே வர, அம்மா மேலே போய்ச் சேர கால்மணி நேரம் ஆகிவிட்டது. போனதும் நாற்காலியில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அடுத்த கேள்வி, "சாப்பாட்டுக்குக் கீழ எறங்கணுமா?"

பாத்ரூம் வாசலில் அரை அடி உயரத்தில் ஒரு திட்டு. தண்ணீர் வெளியே வராமல் இருக்க வைத்திருக்கிறார்கள். உள்ளே பளபளப்பான வெள்ளை டைல்ஸ், நனைந்தால் அதில் என் காலே நிற்கவில்லை. வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தது, சரி. ஆனால் அதிலிருந்து எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள பக்கத்தில் எதுவும் இல்லை. டவல் மாட்டும் கம்பி ஒன்று இருந்தது, அதுவும் பிடித்தால் கையோடு வந்துவிடும்போல ஆடியது. பெரியவர்கள் விழுவது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான், ராத்திரி தூக்கக் கலக்கத்தில். இடுப்பெலும்பு ஒன்று முறிந்தால் அதன்பிறகு அந்த வீட்டில் எல்லாமே மாறிவிடும். என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது.

முதல் ராத்திரி நான் தூங்கவில்லை. அம்மா எழுந்தால் நானும் எழுந்துகொள்ள வேண்டும் என்று கண்ணை மூடாமலேயே கிடந்தேன். கம்பளியில் ஈர வாடை. ஜன்னல் பக்கச் சுவரில் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மலைமேல் மார்கழியில் ஈரம் இருக்கத்தான் செய்யும், அதைக் குறை சொல்ல முடியாது. வெயில் வரும் நேரத்தில் கம்பளியை உதறிக் காயப்போடுவதும், ஆள் இல்லாத ரூம்களின் ஜன்னலைத் திறந்து வைப்பதும் செய்யக்கூடிய வேலைதானே. வீசிங் இருப்பவர்கள் அந்த ரூமில் படுத்திருந்தால் அவ்வளவுதான்.

காலையில் கீசர் வேலை செய்யவில்லை. ரிசப்ஷனுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரத்தில், ரூம் சுத்தம் செய்யும் அக்கா ஒருவர் கிச்சனில் காய்ச்சிய வெந்நீரைப் பெரிய பக்கெட்டில் மூடி போட்டுத் தூக்கிக்கொண்டு அந்தக் கல்படிகளில் ஏறி வந்தார். ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், காலில் ரப்பர் செருப்பு. பக்கெட்டை இறக்கி வைத்துவிட்டு மறுபடி கீழே போய் ஒரு சணல் சாக்கை எடுத்துவந்தார். அதை நான்காக மடித்து, நனைத்துப் பிழிந்து, டாய்லெட்டுக்கும் வாசல் திட்டுக்கும் நடுவில் விரித்தார். காலால் அழுத்தித் தேய்த்து நகர்கிறதா என்று பார்த்துவிட்டு, "இதுமேல மட்டும் கால் வெச்சு வாங்கம்மா, வழுக்காது" என்றார்.

அம்மா கேட்டார்: "ஏம்மா, இத்தன படி இந்த பக்கெட்டத் தூக்கிட்டு வர்றியே?"

"இருக்கட்டுங்கம்மா. இந்தக் குளிருல நீங்க பச்சத்தண்ணில கை வெக்க முடியுங்களா?"

நாகலூர் பக்கம் அவருக்கு ஊர். விடுதி வேலை இல்லாத நாட்களில் எஸ்டேட்டுக்குக் காபிப் பழம் பறிக்கப் போவாராம். அப்போது அறுவடைக் காலம். அவரிடமும், படியில் அம்மாவைத் தாங்கிப் பிடித்த பையனிடமும் நான் கண்ட அக்கறை வெளிநாட்டில் பெரிய ஓட்டல்களில்கூட எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்ததும் அந்த இடத்தில்தான். சுவரில் பதிக்கும் ஒரு எவர்சில்வர் கைப்பிடி என்ன விலை வந்துவிடும்? அதை முதலாளி போடாததால்தான் அந்த அக்கா சாக்கை மடிக்கிறார், அந்தப் பையன் தோள் கொடுக்கிறார். கீசரைப் பழுது பார்க்காததால் ஒரு பெண் முப்பது படி வெந்நீர் சுமக்கிறார். அவர் கால் வழுக்கினால் யார் பொறுப்பு? 'எங்கள் ஊழியர்கள் அன்பாகக் கவனிப்பார்கள்' என்று விடுதிக்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த அன்பு பணியாளர்களுடையது. கட்டடத்தில் செய்ய வேண்டிய செலவை அவர்கள் முதுகில் ஏற்றக்கூடாது.

மேனேஜரிடம் கீழ்த்தளத்தில் ரூம் கேட்டேன். ஒன்று இருக்கிறது, ஆனால் பின்பக்கம், ஏரி தெரியாது, அதனால் அதை ஃபேமிலிகளுக்குக் கொடுப்பதில்லை என்றார். பரவாயில்லை என்று போய்ப் பார்த்தோம். அங்கே போக ஒரு படிகூட இல்லை. சாலையிலிருந்து கட்டடத்தைச் சுற்றி ஒரு சிமெண்ட் சரிவு கிச்சன் வரை போகிறது, கேஸ் சிலிண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகப் போட்டது. அந்த வழியிலேயே ரூம் வாசலுக்குப் போய்விடலாம். சிலிண்டருக்குச் சரிவு வேண்டும் என்று தோன்றியவர்களுக்கு, அதே வழியில் ஒரு பெரியவரை அழைத்துவரலாம் என்று தோன்றவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. மேனேஜரிடம் அதைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்தே இருந்தது. "ஓனர்கிட்ட நானும் சொல்லியிருக்கேங்க" என்றார்.

அந்தப் பின்ரூம்தான் அம்மாவுக்குப் பிடித்தது. ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, கீழே பழுத்துச் சிவந்த காபிச் செடிகள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்த பயிர் இது. யாருடைய கையும் பிடிக்காமல் வாசலுக்கு வந்து நின்று அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஏரி தெரியும் ரூமில் அவரால் அது முடியவில்லை. வாடகையும் குறைவு.

சாப்பாடு சுமார். காலை இட்லி சூடாக இருந்தது, சட்னி நீர்த்துப்போயிருந்தது. ராத்திரிக்கு அரிசி சாதம் வேண்டும் என்றால் மத்தியானமே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சப்பாத்தி, ஃபிரைட் ரைஸ்தான். மாத்திரை போடும் பெரியவர்களுக்கு நேரம் முக்கியம், எட்டு மணிக்கு என்றால் ஒன்பது ஆகிவிட்டது. கேட்டதும் ரசம் சாதம் தனியாகச் செய்து ரூமுக்கே கொண்டுவந்தார்கள், அதற்கு நன்றி.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குச் சில விஷயம். என் பிள்ளைகளிடம் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர்கள் தங்கினால் விடுதிக்காரர்கள் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையத்தில் குடிவரவுத் துறைக்கு அனுப்ப வேண்டும். சின்ன விடுதிகளில் இதற்குப் பயந்தே ரூம் இல்லை என்று சொல்லிவிடுவதுண்டு. இங்கே ரிசப்ஷனில் இருந்த பெண் ஒழுங்காகப் பதிந்து கொடுத்தார். நகல்களைக் கையில் வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும். பணம் கட்டுவதும் முன்போல் தலைவலி இல்லை. ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், கனடா, அமீரகம் போன்ற நாடுகளின் போன் எண்ணிலேயே, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கை இணைத்து யுபிஐ வைத்துக்கொள்ள சில வங்கிகள் விடுகின்றன. பஜ்ஜிக் கடை வரைக்கும் அதிலேயே கட்டினேன்.

பில்லை மட்டும் படித்துப் பார்த்துக் கட்டுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள ரூம்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. எங்கள் பில்லில் 12 போட்டிருந்தார்கள். காட்டியதும் கம்ப்யூட்டரில் பழைய கணக்கே இருக்கிறது என்று சொல்லி, மறுபேச்சு இல்லாமல் மாற்றித் தந்தார்கள். கேட்காதவர்களிடம் வாங்கிய பணம்? அதை மேனேஜரிடம் கேட்டபோது பதில் இல்லை. இப்படி எங்காவது நடந்து, சொல்லியும் மாற்ற மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம்.

பெரியவர்களோடு போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்குப் போன் போட்டுப் பேசுங்கள். 'சீனியர் சிட்டிசன் இருக்காங்க, வசதியா இருக்குமா' என்று கேட்டால் எல்லோரும் 'தாராளமா வாங்க' என்றுதான் சொல்வார்கள். கார் நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரைக்கும் எத்தனை படி என்று கேளுங்கள். பாத்ரூமை வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு இடம் பார்த்துவிடலாம். தரைத்தளத்தில் பின்பக்க ரூம் இருக்கிறதா என்று நீங்களாகக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். ஏரியைப் பார்க்க ஏரிக்கரையில்தான் தங்க வேண்டும் என்றில்லை. காலை ஏழு மணிக்கு ஒரு ஆட்டோ பிடித்துக் கரைக்கு வந்து, நாற்காலி போட்டு உட்கார வைத்தால் போதும்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போக அம்மா ஆசைப்படுகிறார். 5,326 அடி உயரத்தில் இருக்கும் குகைக் கோயில் அது. மலைவாழ் மக்கள் அன்றைக்குத் திரண்டு வருவார்கள். கோடை விழா, மலர்க் கண்காட்சி எல்லாம் அதே மாதம் வருவதால் ரூம் வாடகை ஏறிவிடும். அதனால் இப்போதே ஏரியை விட்டுத் தள்ளி, ஒரு வீட்டின் தரைத்தளத்தில் இடம் பிடித்திருக்கிறோம். சென்னையிலிருந்து அக்கா வந்து அழைத்துப் போவாள். டாய்லெட் பக்கத்தில் கைப்பிடி போட்டுத் தந்தால் முன்பணம் கட்டுகிறோம் என்று சொன்னோம். வீட்டுக்காரர் போட்டு முடித்து, அதைத் தன் கையால் பிடித்துத் தொங்கிக் காட்டி வீடியோவே அனுப்பிவிட்டார்.