ஆர்எம்ஐயும் அந்தக் கால் மணி நேரமும்

போன வாரம் நண்பன் ஒருவன் போனில் கேட்டான்: "ஆர்எம்ஐ சர்வர்ல ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் தனித்தனி ஆப்ஜெக்ட் வேணும்னா என்னடா பண்றது?" ஆர்எம்ஐ என்பது ஒரு கணினியில் ஓடும் ஜாவா புரோகிராம் இன்னொரு கணினியில் உள்ள ஆப்ஜெக்டின் மெத்தடை அழைக்க உதவும் வசதி. அரை மணி நேரம் பேசினேன், பெரும்பாலும் புலம்பல்தான். கொஞ்சம் ஆறிய பிறகு இதை எழுதுகிறேன்.

ஒரு மருந்துக் கிடங்கின் பில்லிங் மென்பொருளை 9 வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 14 கவுன்டர் (இவைதான் கிளையன்ட்கள்), ஒரு சர்வர், நடுவில் ஜாவா ஆர்எம்ஐ. ஆரம்பத்தில் ரெஜிஸ்ட்ரியில் (கிளையன்ட்கள் பெயர் சொல்லித் தேடும் ஆப்ஜெக்ட் பட்டியல்) பதிந்த ஒரே ஆப்ஜெக்டுக்குள் 'இப்போதைய பயனர்' என்று ஒரு ஃபீல்டு வைத்திருந்தேன். 3ஆம் கவுன்டர் பில்லில் 7ஆம் கவுன்டர்காரர் பெயர் அச்சாகி வந்தபோதுதான் புத்தி வந்தது. அப்புறம் த்ரெட்லோக்கல், அதாவது சர்வரில் வேலை ஓடும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி மதிப்பு வைக்கும் ஏற்பாடு. அதுவும் உதவவில்லை, எந்த அழைப்பு எந்த த்ரெட்டில் ஓடும் என்று ஆர்எம்ஐ வாக்குக் கொடுப்பதே இல்லை.

கடைசியில் வழி எளிதாகத்தான் இருந்தது. ரெஜிஸ்ட்ரியில் லாகின் ஆப்ஜெக்ட் ஒன்று மட்டும். கடவுச்சொல் சரியென்றால் அது அந்தக் கவுன்டருக்கென்று புதிய செஷன் ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கித் திருப்பித் தரும். செஷன் கிளாஸ் யூனிகாஸ்ட்ரிமோட்ஆப்ஜெக்ட் என்ற ஜாவா கிளாஸிலிருந்து வந்தால் போதும், கிளையன்ட் கைக்கு அதன் ஸ்டப் (சர்வரிலுள்ள ஆப்ஜெக்டுக்கு அழைப்பைக் கடத்தும் பிரதிநிதி) போய்விடும். செஷனைத் தனியே ரெஜிஸ்ட்ரியில் பதிய வேண்டாம். ஒவ்வொரு மெத்தடுக்கும் பயனர் எண்ணைச் சுமந்துபோகும் தொல்லை அன்றோடு விட்டது. அந்தப் பகுதியில் இன்றுவரை ஒரு வரிகூட மாற்றவில்லை.

வருவது அழகு, போவதுதான் வம்பு. லாகவுட் அழுத்தினால் செஷனை அன்எக்ஸ்போர்ட் செய்துவிடுகிறேன், அதாவது வெளியிலிருந்து இனி அழைக்க முடியாதபடி விலக்கிவிடுகிறேன், சரி. ஆனால் கரண்ட் போய்க் கவுன்டர் கணினி அணைந்தால்? சர்வருக்கு உடனே தெரியாது. கிளையன்ட்டுக்குக் கொடுத்த லீஸ் (புதுப்பிக்காவிட்டால் ஆப்ஜெக்ட் மீதான பிடி காலாவதியாகும் கெடு) இயல்பாக 10 நிமிடம். காலாவதியான லீஸை சர்வர் தேடிப்பார்ப்பதோ 5 நிமிடத்துக்கு ஒருமுறை. ஆக, அதிகபட்சம் கால் மணி நேரம் வரை செத்த செஷன் சரக்கைப் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கவுன்டர்காரர் திரும்ப வந்தால் 'ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்' என்று திரையில் வரும். அவர் என்னைக் கூப்பிடுவார். மழைக்காலத்தில் தினமும் கூப்பிடுவார்.

நியாயமாகச் சொன்னால், அன்ரெஃபரன்ஸ்ட் என்ற இன்டர்ஃபேஸ் இல்லையென்றால் இன்னும் மோசம். கடைசி கிளையன்ட்டும் கைவிட்டதும் ஆர்எம்ஐயே அதன் மெத்தடைக் கூப்பிடும். பூட்டை அங்கே விடுவிக்கிறேன். முதல்முறை அது தானாக ஓடியதை லாகில் பார்த்தபோது டீ வாங்கிக் குடித்துக் கொண்டாடினேன். ஆனால் லாகவுட் அழுத்தாமல் ஸ்டப்பைக் கைவிட்டால் அந்த அழைப்பு சட்டென்று வராது. கிளையன்ட் பக்கம், வேண்டாத ஆப்ஜெக்டுகளை நினைவகத்திலிருந்து நீக்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் ஓடி ஸ்டப்பை அள்ள வேண்டும். அதுவரை கிளையன்ட் லீஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்.

லீஸ் கெடுவை நிர்ணயிக்கும் லீஸ்வேல்யூவை 1 நிமிடமாகக் குறைத்தும் பார்த்தேன். நெட்வொர்க் சற்றே தடுமாறிய ஒரு நாள், உயிரோடு இருந்த செஷன்களையே சர்வர் கழற்றிவிட்டது. பாதி பில்லில் 'நோசச்ஆப்ஜெக்ட்' (அப்படியொரு ஆப்ஜெக்ட் இல்லை) பிழை. பழையபடி 10 நிமிடத்துக்கே திரும்பினேன். இப்போது கிளையன்ட் 20 விநாடிக்கு ஒருமுறை செஷனில் ஒரு வெற்று மெத்தடை அழைக்கிறது. 3 முறை தவறினால் நானே அன்எக்ஸ்போர்ட் செய்கிறேன். லீஸை நம்புவதை விட்டுவிட்டேன்.

நண்பனிடம் முடிவாகச் சொன்னது, "புது வேலைக்கு இதைத் தொடாதே." போன மாதம் திறந்த ரிட்டர்ன் கவுன்டருக்கு நான் எழுதியதும் ஆர்எம்ஐதான். அதை அவனிடம் சொல்லவில்லை.